சிரட்டையைக் கழுவிவிட்டுத் தீனி வையுங்கள்

நவம்பர் பிறந்தால் லண்டனில் நம்மவர் வீட்டுப் பின்வளவுகளிலும் பறவைத் தீனிக் கூடுகள் தொங்கத் தொடங்கிவிடும். நல்ல விஷயம்தான். ஆனால் வாங்கித் தொங்கவிட்டதோடு புண்ணியம் சேர்ந்துவிட்டது என்று இருப்பவர்களிடம் எனக்குக் கொஞ்சம் சண்டை இருக்கிறது.

டிசம்பர் நடுவில் இங்கே பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. புளூ டிட் என்ற நீலத்தலைக் குருவியின் எடை சுமார் 11 கிராம். அந்தக் குறும்பகலுக்குள் தின்று சேர்த்த கொழுப்பை எரித்துத்தான் அது பதினாறு மணி நேர இரவைத் தாண்ட வேண்டும். ரென் என்ற குருவி அதைவிடச் சிறியது. கடுங்குளிரில் ரென்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு படுக்கும்; 1969இல் இங்கிலாந்தின் நோர்ஃபோக்கில் ஒரே கூட்டுப்பெட்டிக்குள் 61 ரென்கள் இரவைக் கழித்ததாகப் பதிவு உண்டு. அதனால் தீனியை விடிந்ததும் ஒருமுறை, பொழுதுபடுமுன் ஒருமுறை வைப்பதுதான் பிரயோசனம்.

என்ன வைப்பது? தோல் நீக்கிய சூரியகாந்தி விதை, உப்பில்லாத கச்சான் (நிலக்கடலை). கடைகளில் விற்கும் கொழுப்பு உருண்டை பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பு. சைவ வீட்டுக்காரர் அதைத் தொட வேண்டியதில்லை, விதையிலும் கச்சானிலும் போதிய கொழுப்பு இருக்கிறது. பாதித் தேங்காயைச் சிரட்டையோடு தொங்கவிடலாம், உள்ளே இளநீர் ஒட்டாமல் கழுவிவிட்டு. பாக்கெட்டில் வரும் உலர் தேங்காய்த் துருவல் மட்டும் வேண்டாம், வயிற்றுக்குள் போய் ஊதிவிடும். மிஞ்சிய மிக்சரைக் கொட்டுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அத்தனை உப்பை அந்தச் சின்ன உடம்பு தாங்காது. தண்ணீரும் வையுங்கள். உறைந்தால் உடைத்து மாற்றுங்கள், உருகட்டும் என்று உப்புப் போடாதீர்கள்.

அப்புறம் காகத்துக்குப் படைக்கும் சோறு. புரட்டாதிச் சனியை விடச் சொல்லவில்லை. காகம் தின்றதுபோக மிஞ்சியதை அன்றே அள்ளிவிடுங்கள். கறியும் உப்புமாகப் பிசைந்த சோறு இரவில் புல்லில் கிடந்தால் முன்னோருக்கு முதல் எலி வந்துவிடும்.

இப்போது என் சண்டைக்கு வருகிறேன். கிரீன்ஃபிஞ்ச் என்ற பச்சைக் குருவி ஒரு காலத்தில் இந்த நாட்டுத் தோட்டங்களில் சர்வசாதாரணம். 2005 அளவில் ட்ரைக்கோமொனோசிஸ் என்ற ஒட்டுண்ணி நோய் அவற்றில் பரவத் தொடங்கியது. தொண்டை புண்ணாகி விழுங்க முடியாமல் போகும். வாயிலிருந்து விழுந்த ஈர விதையை அடுத்த குருவி கொத்தும். இப்படிச் செத்துச் செத்து 2021இல் அந்த இனம், இந்த நாட்டில் அதிக ஆபத்திலுள்ள பறவைகளின் சிவப்புப் பட்டியலுக்குப் போய்விட்டது. நோய் கைமாறும் இடங்களில் முக்கியமானது நாம் அன்போடு வைக்கும் தீனித்தட்டு. பறவைப் பாதுகாப்புக்கென்றே இருக்கும் ஆர்எஸ்பிபி அமைப்பே 2025இல் தட்டையான தீனி மேசைகளின் விற்பனையை நிறுத்திவைத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை கழுவிக் காயவைத்து, இடத்தையும் மாற்றித் தொங்கவிட முடியாதவர்கள் தீனி வைக்காமல் இருப்பதே மேல். சிறகு உப்பிச் சோர்ந்து உட்கார்ந்திருக்கும் குருவியைக் கண்டால், பாவம் பார்க்காமல் இரண்டு வாரமாவது எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

அப்படியானால் பறவை எதைத் தின்னும் என்பீர்கள். உங்கள் வளவைக் கொஞ்சம் பெருக்காமல் விட்டால் அதிலேயே இருக்கிறது! விழுந்த இலைகளைப் புரட்டித்தான் பிளாக்பேர்ட் புழு தேடுகிறது. ஸ்கண்டிநேவியாவிலிருந்து வரும் ரெட்விங், பனி கொட்டினால் அழுகிய ஆப்பிளுக்காகவும் தோட்டத்துக்கு இறங்கும். ஐவிக் கொடியின் காய் மற்றப் பழமெல்லாம் தீர்ந்த பிறகு, குளிர்காலத்தின் பின்பாதியில்தான் பழுக்கும். அதைத்தான் இலையுதிர் காலத்திலேயே ஆள் வைத்து வெட்டுகிறோம். முன்வளவு முழுக்கக் காருக்குக் கல் பதித்து, பின்வளவில் பிளாஸ்டிக் புல் விரித்து, நடுவில் ஐம்பது பவுணுக்குத் தீனிக் கம்பம் நட்டால் யாருக்கு லாபம்? கடைக்காரனுக்குத்தான்.

ஜனவரிக் கடைசி வார இறுதியில் ஆர்எஸ்பிபி நடத்தும் தோட்டப் பறவைக் கணக்கெடுப்பிலும் சேருங்கள். 1979இல் சிறுவர்களுக்காகத் தொடங்கியது. ஒரு மணி நேரம் போதும், அப்பம்மாவும் பேரப்பிள்ளையும் ஜன்னலடியில் இருந்தே செய்யலாம். ஒரே நேரத்தில் கண்ட ஆகக்கூடிய எண்ணிக்கையைத்தான் எழுத வேண்டும்; ஒரு ராபின் நாலு தரம் வந்தால் அது நாலு ராபின் இல்லை.