சோற்றை இரவு முழுக்க வெளியே வைக்காதீர்கள்

பிரைட் ரைஸ் உதிரியாக வர சோற்றை இரவு முழுக்க மேசையிலேயே வைக்கலாம், தாச்சியின் சூட்டில் கிருமி செத்துவிடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. ஆறின சோறு நல்லது, வெளியே வைப்பது ஆபத்து.

பசில்லஸ் சீரியஸ் என்ற பக்டீரியாவின் வித்திகள் (சூட்டைத் தாங்கி உறங்கிக் கிடக்கும் அதன் வடிவம்) சோறு அவியும்போதும் சாவதில்லை. கொழும்புப் புழுக்கத்தில் ராத்திரிக்குள் பெருகி நஞ்சைச் சுரந்துவிடும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு 121 பாகை செல்சியசிலும் அழியாது; தாச்சியில் எவ்வளவு புரட்டினாலும் அப்படியேதான் இருக்கும். 1970களின் தொடக்கத்தில் பிரித்தானியாவில் சீன உணவகங்களில் பிரைட் ரைஸ் சாப்பிட்டவர்கள் வாந்தி எடுத்ததும் இப்படி வெளியே வைத்த சோற்றால்தான்.

தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து அவித்து, அகலத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி மின்விசிறியின் கீழ் வையுங்கள். ஆவி அடங்கியதும், ஒரு மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். பிரிட்ஜின் குளிரே சோற்றை இறுக்கி உதிரியாக்கும். அவசரமென்றால் விசிறிக் காற்றில் ஆறியதையே உடனே லீக்ஸ், கரட், முட்டையோடு பிரட்டலாம். கீரி சம்பா அரிசிச் சோறும் குழையாது. சோயா சோஸை மட்டும் கடைசியில், தாச்சியின் ஓரமாக விடுங்கள்.