ரீமேப்புக்கு முன்னாடி டயர பாருங்க

நேத்து நைட்டு ஒரு தம்பி போன் பண்ணான். புதுசா 1.5 டர்போ செடான் எடுத்திருக்கான், பன்னெண்டாயிரம் கிலோமீட்டர் கூட இன்னும் ஓடல, "அண்ணா ஸ்டேஜ் ஒன் ரீமேப் பண்ணலாம்னு இருக்கேன், எக்ஸாஸ்ட்டும் பாத்து வெச்சிருக்கேன், டயரு இது தேயட்டும், அப்புறமா நல்லதா ஒண்ணு போட்டுக்கலாம்ல?"ன்னு கேக்கறான். ரீமேப்னா இன்ஜின் கம்ப்யூட்டரோட புரோகிராம மாத்தி பவர் ஏத்தறது. பத்து நிமிசம் பேசியும் முழுசா சொல்லி முடிக்க முடியல. இந்த வருசம் எங்கிட்ட இதே கேள்விய கேட்ட நாலாவது ஆளு அவன், அதனால இங்கயே எழுதிடறேன்.

ரெண்டு வருசம் முன்னாடி ஆடி மாசம் வால்பாறைல இருந்து இறங்கிட்டு இருந்தோம். 40 கொண்டை ஊசி வளைவு, கோயமுத்தூர்க்காரங்களுக்கு அந்த ரோட்ட பத்தி நான் சொல்லத் தேவையில்ல. பெருமழை எல்லாம் இல்ல, சாரல்தான். வீட்டுக்காரம்மா பக்கத்துல, பொண்ணு பின்னாடி சீட்ல தூங்கிட்டு வர்றா. வேகம் நாப்பது கூட இருக்காது. மர நிழல்லயே கெடக்கற ஒரு வளைவு, ரோடு கருப்பா வழவழன்னு இருந்துச்சு, பிரேக்க மிதிச்சா ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கற பிரேக் வசதி) கால்ல கடகடன்னு அடிக்குது, ஸ்டீயரிங்க முழுசா ஒடிச்சிருக்கேன், வண்டி பாட்டுக்கு நேரா போகுது. எதிர்ல கவர்மெண்ட் பஸ் ஏறி வருது. அந்த டிரைவர் அண்ணன் நம்ம வண்டி வர்ற விதத்த பாத்துட்டு வளைவுக்கு முன்னாடியே நிறுத்திட்டாரு. அவரு நிறுத்தலன்னா என்ன ஆயிருக்கும்னு இன்னிக்கும் சில ராத்திரி நெனப்பு வரும்.

அன்னிக்கு என் வண்டில ரீமேப் இருந்துச்சு, அதுக்கு மட்டும் நாப்பத்தஞ்சாயிரம் செலவு. டயரு ஷோரூம்ல இருந்து வந்த அதே 205/55 ஆர்16, அதாவது அகலம் 205 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அதுல 55 சதவீதம், ரிம் 16 இன்ச். டயரு மேல தண்ணி போற பள்ளம் பாக்கி இருந்துச்சு, தேஞ்ச டயருன்னு யாரும் சொல்ல முடியாது. பாக்க நல்லா இருந்த டயருதான் அன்னிக்கு ரோட்ட பிடிக்கல, அதுக்கப்புறம்தான் டயர பத்தி உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன்.

ரப்பர் ரோட்ட எப்படி பிடிக்குதுன்னு கொஞ்சம் புரிஞ்சுட்டா பாதி குழப்பம் தீந்துடும். தார் ரோட்ல இருக்கற பொடிப் பொடி மேடு பள்ளத்துக்குள்ள ரப்பர் அமுங்கி இறங்கி, திரும்ப பழைய நிலைக்கு வர்றதுக்குள்ள கொஞ்சம் சக்திய சூடா வெளிய விடுது. அந்த இழப்புதான் பிடிப்பு. ஆனா அதே இழப்பு சும்மா உருண்டு போறப்பயும் நடந்தா பெட்ரோல் குடிக்கும், அதனால கார் கம்பெனிங்க மைலேஜ் நம்பருக்காக இழப்பு கம்மியான கெட்டியான டயர போட்டு அனுப்பறாங்க, பெரும்பாலான குடும்ப வண்டிக்கு அது சரியும்கூட. 1992-ல மிஷ்லின் ரப்பர்ல கார்பன் கருப்புக்கு பதிலா சிலிக்காவ பெரிய அளவுல கலந்து டயர் கொண்டு வந்தப்பதான் இந்த ரெண்டையும் கொஞ்சம் பிரிக்க முடிஞ்சுது. நூறு கிலோமீட்டர் வேகத்துல நம்ம சைஸ் சக்கரம் வினாடிக்கு சுமார் 14 தடவ சுத்துது, உருளறப்ப ரப்பர் மடங்கறது அந்த வேகத்துலதான், ஆனா பிரேக் அடிக்கறப்ப ரோட்டோட பொடி மேடுங்க ரப்பர அதவிட பல மடங்கு வேகமா குத்துது. உருளற வேகத்துல இழப்பு கம்மியாவும் குத்தற வேகத்துல அதிகமாவும் வர்ற மாதிரி கலவை பண்றதுதான் டயர் கம்பெனியோட மொத்த வித்தையும், நாம குடுக்கற காசும் அதுக்குத்தான்.

சம்மர் டயர்னு சொன்ன உடனே "அது வெயிலுக்குங்க, மழைக்கு வேற வேணும்"னு கடைக்காரரே சொல்லி நான் கேட்டிருக்கேன். அது தப்பு. அந்தப் பேரு பனி விழற நாடுங்கள்ல வின்டர் டயர்ல இருந்து பிரிச்சு சொல்ல வெச்ச பேரு. சுமார் 7 டிகிரிக்கு கீழ போனா இந்த கலவை இறுகிப் போயிடும், அவ்ளோதான் விசயம். நமக்கு மார்கழி ராத்திரி ஊட்டில நின்னாதான் அந்த கவலை. மத்தபடி வருசம் பூரா நமக்கு சம்மர்தான், ஈர ரோட்ல இருக்கறதுலயே நல்லா பிடிக்கறதும் நல்ல சம்மர் டயருதான்.

இப்ப என் கருத்துக்கு வர்றேன். நம்ம ஊர்ல பெர்ஃபார்மன்ஸ் கார் வெச்சிருக்கறவங்க கிரிப்புன்னு சொன்னாலே காஞ்ச ரோட்ட மட்டும்தான் நெனைக்கறாங்க, ரீல்ஸ்ல பாத்த ஜப்பான் டயரு பேரு ரெண்ட சொல்றாங்க. நான் பாக்கச் சொல்றது ஈர ரோட்டு பிரேக்கிங். ஒரு கணக்கு போட்டுக் காட்டறேன், பள்ளிக்கூட பிசிக்ஸ்தான். ஈர ரோட்ல 80 கிலோமீட்டர் வேகம், ஒரு டயரோட பிடிப்பு (பிசிக்ஸ்ல சொல்ற உராய்வுக் கெழு) 0.9, இன்னொண்ணு 0.7-ன்னு வெச்சுக்கங்க. முதல் வண்டி 28 மீட்டர்ல நிக்கும், ரெண்டாவது நிக்க 36 மீட்டர் ஆகும். எட்டு மீட்டர்தானேன்னு தோணும். ஆனா முதல் வண்டி நின்ன அதே இடத்த ரெண்டாவது வண்டி தாண்டறப்ப அது இன்னும் கிட்டத்தட்ட 38 கிலோமீட்டர் வேகத்துல போயிட்டு இருக்கும். அந்த இடத்துல ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் நின்னுட்டு இருந்தா? எத்தன குதிரைத் திறன் ஏத்தி இருந்தாலும் இதுக்கு பதில் கிடையாது.

நம்மூர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்ல முதல் வருசம் ஓட்டுன 2005-ல, இண்டியானாபோலிஸ்ல நடந்தது எத்தன பேருக்கு ஞாபகம் இருக்கோ தெரியல. வெள்ளிக்கெழம பிராக்டிஸ்ல சரிவா கட்டுன 13-வது வளைவுல ரால்ஃப் ஷூமாக்கரோட டயரு போயி வண்டி செவுத்துல மோதுச்சு. அந்த வளைவ அப்படியே வெச்சா எங்க டயரு தாங்கும்னு உறுதி குடுக்க முடியாதுன்னு மிஷ்லின் சொல்லிட்டாங்க, ஞாயித்துக்கெழம ஃபார்மேஷன் லேப் (ரேஸுக்கு முன்னாடி மெதுவா ஓட்டற ஒரு சுத்து) முடிஞ்ச உடனே 14 வண்டி பிட்டுக்குள்ள போயிடுச்சு. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட 6 வண்டி மட்டும் ஓடுச்சு, நரேன் நாலாவதா வந்து அஞ்சு பாயிண்ட் எடுத்தாரு, ஃபார்முலா ஒன்ல பாயிண்ட் எடுத்த முதல் இந்தியர். எனக்கு அதுல மனசுல நிக்கறது அந்த 14 வண்டிதான். லட்சம் பேருக்கு முன்னாடி, எவ்ளோ பணம் போனாலும் பரவால்லன்னு, டயரு மேல நம்பிக்கை இல்லன்னா ஓட்டலன்னு முடிவு எடுத்தாங்க.

சரி எத போடறது. வெளிநாட்ல 200 ட்ரெட்வேர்னு ஒரு வகை இருக்கு, யோகோஹாமா அட்வான் ஏ052, பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஆர்இ-71ஆர்எஸ் மாதிரி. ட்ரெட்வேர்ங்கறது அமெரிக்கால கட்டாயமா டயர் பக்கவாட்டுல போடற தேய்மான நம்பரு, அடிப்படை 100, நம்பரு கம்மியாக ஆக சீக்கிரம் தேயும். அந்த நம்பர கம்பெனியே போட்டுக்குது, அதனால ஒரு கம்பெனியோட 300-ஐயும் இன்னொரு கம்பெனியோட 300-ஐயும் ஒண்ணா நெனைக்க வேண்டாம். அதுக்குப் பக்கத்துல டிராக்சன்னு ஏஏ, ஏ, பி, சி இருக்கும், அது ஈர ரோட்ல நேரா பிரேக் அடிச்சு பாக்கறது, வளைவுல எப்படி பிடிக்கும்னு அது சொல்லாது. ஐரோப்பால விக்கற டயருக்கு ஒரு ஸ்டிக்கர் இருக்கு, அதுல மழைத்துளி படத்துக்கு நேரா ஏ-ல இருந்து ஈ வரைக்கும் ஈரப் பிடிப்பு போட்டிருப்பாங்க. நான் எந்த டயரு வாங்கறதா இருந்தாலும் முதல்ல அத தேடிப் பாப்பேன், அதுவும் என் சைஸுக்கே பாப்பேன், ஏன்னா ஒரே பேரு இருந்தாலும் சைஸுக்கு சைஸ் எழுத்து மாறும்.

அந்த 200 வகை டயரு ரோட்டு வண்டிக்கு வேண்டாம்னு நான் உறுதியா சொல்றேன். அதுங்க சூடு ஏறுனாதான் முழு பிடிப்பு குடுக்கும், பள்ளம் கம்மியா இருக்கும், தண்ணி தேங்குன ரோட்ல மெதக்கும், பத்துப் பதினஞ்சாயிரம் கிலோமீட்டர்ல தேஞ்சுடும். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்குக்கு டிராக் டே (சொந்த வண்டிய டிராக்ல ஓட்டிப் பாக்கற நாள்) போறவங்க தனியா ஒரு செட் வீல் வாங்கி அதுல போட்டு வெச்சுக்கங்க, அது வேற கதை. நான் ரோட்டு டயர்லயே அங்க ஓட்டிப் பாத்தேன், காலைல 33 பிஎஸ்ஐ-ல வெச்ச காத்து நாலு லேப்ல 40 தாண்டிடுச்சு, டயரு மேல இருக்கற ரப்பர் கட்டைங்க வளைஞ்சு வண்டி மெதக்கற மாதிரி ஆயிடுச்சு, கொஞ்சம் காத்த எறக்கி ஆற விட்டு ஆற விட்டுத்தான் ஓட்ட முடிஞ்சுது. ரோட்டு வண்டிக்கு ஷோரூம் டயருக்கும் இந்த 200 வகைக்கும் நடுவுல இருக்கற வகைதான் சரி. மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் 4, கான்டினென்டல் மேக்ஸ்கான்டாக்ட் எம்சி6, குட்இயர் ஈகிள் எஃப்1 இதெல்லாம் அந்த ரகம். நான் போட்டிருக்கறது எம்சி6. மழைல அதே வால்பாறை ரோட்ல மூணு தடவ போயிட்டு வந்துட்டேன், அந்த வளைவும் தாண்டுனேன், ஸ்டீயரிங் சொன்னத வண்டி கேட்டுச்சு. சத்தம் கொஞ்சம் கூடுதல், மைலேஜ் ஒண்ணு ஒண்ணரை கொறஞ்சுது, முப்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல ஓடும்னு நான் எதிர்பாக்கல. ஒத்துக்கிட்டுத்தான் வாங்குனேன்.

கெடைக்கறதுலதான் கஷ்டம். 2020 ஜூன்ல இருந்து கார் டயரு இறக்குமதி செய்ய மத்திய அரசு லைசென்ஸ் வேணும்னு ஆக்கிட்டாங்க, அதுக்கப்புறம் நல்ல நல்ல மாடல் கடைல இல்லாம போச்சு, இருந்தாலும் பழைய ஸ்டாக். எனக்கே நடந்துச்சு, ஒரு கடைல "புது ஸ்டாக் சார்"னு எடுத்து வெச்ச டயரு நாலு வருசம் பழசு. பக்கவாட்டுல நீள்வட்டத்துக்குள்ள நாலு நம்பர் இருக்கும், 2324-ன்னா 2024-ஆம் வருசம் 23-வது வாரம். அத பாக்காம யாரும் காசு குடுக்காதீங்க. உக்காந்தே இருந்தாலும் ரப்பர் இறுகும், பிடிப்புக்குன்னு காசு குடுத்து வாங்கற டயர்ல அது இன்னும் பெரிய நஷ்டம்.

சைஸ் பத்தி ஒரு வார்த்த. 16-ல இருந்து 18-க்கு போறவங்கள பாத்தா எனக்கு கவலையா இருக்கு. 205/55 ஆர்16-ஓட மொத்த விட்டம் 632 மில்லிமீட்டர், 225/45 ஆர்17 போட்டா 634, கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஸ்பீடோமீட்டரும் கெடாது, பக்கவாட்டு ரப்பர் 113-ல இருந்து 101 ஆகும். அதுக்கு மேல கொறச்சா நம்ம ஊரு பள்ளத்துக்கு ரிம் வளையும், சைடுவால் வீங்கும். நான் 16-லயே இருந்துட்டேன். மிச்சமான வீல் காசுல நாலு டயரும் ஒண்ணா மாத்துனேன். சிலர் ரெண்டு மட்டும் வாங்கி "முன் வீல் டிரைவ் தானே"ன்னு முன்னாடி போடறாங்க, தயவு செஞ்சு அத பண்ணாதீங்க. புதுசு ரெண்டும் பின்னாடி போகணும். முன்னாடி வழுக்குனா வண்டி நேரா போகும், கால எடுத்தா கொஞ்சமாவது திரும்ப வரும், பின்னாடி வழுக்குனா வண்டி சுத்திடும், நம்மள மாதிரி சாதாரண டிரைவர் கைல அது திரும்ப வராது.

அப்புறம் லோட் இன்டெக்ஸ் (ஒரு டயரு தாங்கற எடை), ஸ்பீட் ரேட்டிங் (தாங்கற உச்ச வேகம்) ரெண்டும் கார் கம்பெனி குடுத்தத விட கொறைய கூடாது. 91-ன்னா டயருக்கு 615 கிலோ, வி-ன்னா 240 கிலோமீட்டர். புதுசா போட்டதும் முதல் 300 கிலோமீட்டர் பொறுமையா ஓட்டுங்க, டயர வார்க்கற அச்சுல ஒட்டாம இருக்க போட்ட பூச்சு மேல இருக்கும், வழுக்கும்.

தம்பிய சனிக்கெழம காலைல வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன். ரீமேப்புக்கு எடுத்து வெச்ச காச எடுத்துட்டு வாடான்னேன், ரெண்டு பேரும் கடைக்குப் போறோம். டார்ச் நான் எடுத்துக்கறேன், அந்த தேதி நம்பரு பல டயர்ல ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும்.