நரகத்தில் முதல் அப்கிரேடு யாருக்கு?

ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3 (ஆளுக்கொரு கோட்டையை எடுத்துப் படை சேர்த்து மோதும் கம்ப்யூட்டர் விளையாட்டு) ஆடுகிறவர்கள் நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் "நான் இன்ஃபெர்னோ எடுத்துக்கிறேன்" என்று, அதாவது நரகக் கோட்டை எனக்கு என்று, சொல்லிப் பாருங்கள். பெண் பார்க்கப் போன வீட்டில் வேலை இல்லை என்று சொன்னவனைப் பார்ப்பது மாதிரி ஒரு பார்வை கிடைக்கும். கேஸில் என்ற கோட்டையை எடுத்தவனுக்கு ஆர்ச்ஏஞ்சல் என்ற தேவதூதன் உண்டு. நெக்ரோபோலிஸ் எடுத்தவனுக்கு ஒவ்வொரு சண்டை முடிந்ததும் எலும்புக்கூடுகள் இலவசமாக எழுந்து வரும். நமக்கு என்ன இருக்கிறது? 4 ஹெச்பி (உயிர்ப் புள்ளி) உள்ள இம்ப். குட்டிச்சாத்தான் என்று சொன்னால்கூடச் சாத்தானுக்கு அவமானம்.

இந்தக் கோட்டையோடு நான் குடித்தனம் நடத்துவது இருபது வருஷத்துக்கும் மேலாக. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தானே ஆக வேண்டும்! ஏறி இறங்கியதில் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. இன்ஃபெர்னோ சோப்ளாங்கி என்பதை நான் முழுக்க மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயர் வந்ததில் பாதிப் பங்கு நம்முடையது. கேஸில் ஆடுகிற கணக்கிலேயே இதையும் ஆடுகிறோம். ஒரு கோட்டைக்கு ஏழு படி, படிக்கு ஒரு வகை வீரன். கையில் காசு சேர்ந்ததும் ஏழாவது படிக்கு, டெவிலிடம், ஓடுகிறோம். ஓட வேண்டியது ஐந்தாவது படிக்கு. பிட் ஃபீண்டைப் பிட் லார்ட் ஆக்குவதுதான் இந்தக் கோட்டையின் முதல் அப்கிரேடு. மற்ற ஆறும் அவனுக்கு எப்படி உதவும் என்று பார்த்துத்தான் வரிசை போட வேண்டும்.

(இங்கே சொல்லும் எண்கள் ஷேடோ ஆஃப் டெத் என்ற கூடுதல் பதிப்பின் கணக்கு. ரசிகர்கள் செய்த ஹார்ன் ஆஃப் தி அபிஸ் ஆடுகிறவர்கள், அங்கே சில எண்கள் மாறியிருக்கின்றன என்று சண்டைக்கு வர வேண்டாம்.)

முதலில் காசைப் பார்ப்போம். மதிலைக் கடைசி நிலை வரை கட்டி, இம்புக்கும் ஹெல் ஹவுண்ட் என்ற நாய்க்கும் உள்ள கூடுதல் கட்டடங்களையும் கட்டிவிட்டால் வாரத்துக்கு 38 இம்ப், 16 காக், 13 ஹெல் ஹவுண்ட், 8 டீமன், 6 பிட் ஃபீண்ட், 4 எஃப்ரீட், 2 டெவில் கிடைக்கும். அத்தனையையும் அப்கிரேடு செய்த நிலையில் வாங்க 28,090 தங்கம் ஆகும். நானே பேப்பரில் கூட்டிப் பார்த்தேன். கேபிட்டல் என்ற வருமானக் கட்டடம் கட்டியவனுக்கு நாளைக்கு 4,000, வாரத்துக்கு 28,000. அதாவது கேபிட்டல் வருமானம் முழுவதையும் கொட்டினாலும் 90 தங்கம் துண்டு விழும். இதில் கட்டடச் செலவு, இரண்டாவது ஹீரோ (படைத்தலைவன்), மந்திரக் கூடம் எதுவும் சேரவில்லை. ஆக எல்லாவற்றையும் வாங்குவது என்பது பேச்சுக்குத்தான். ஏதோ ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும்.

அந்த 28,090-ல் இரண்டே இரண்டு ஆர்ச் டெவில் (அப்கிரேடு செய்த டெவில்) தின்பது 9,000. கூடவே 4 பாதரசம். மூன்றில் ஒரு பங்கு சம்பளம் இரண்டு பேருக்குப் போகிறது.

இப்போது பிட் ஃபீண்டுக்கு வருவோம். விலை 500, அப்கிரேடு செய்தால் 700. எண்களை வைத்துப் பார்த்தால் அந்த 200 தங்கம் தண்டம். தாக்குதல் 13, தற்காப்பு 13, ஹெச்பி 45, அடி 13 முதல் 17 வரை. எல்லாம் அப்படியே இருக்கும். வேகம் மட்டும் 6-லிருந்து 7 ஆகும். புதிதாக ஆடுகிறவர் இதைப் பார்த்துவிட்டு, "ஒரு புள்ளி வேகத்துக்கு இருநூறா?" என்று கடந்து போய்விடுவார். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் போனேன்.

விஷயம் எண்ணில் இல்லை. பிட் லார்டுக்கு ஒரு வித்தை தெரியும். நம் படையில் ஒரு அணி முழுதாகச் செத்துக் கிடந்தால், அந்தப் பிணத்திலிருந்து டீமன்களை எழுப்புவான். ஒரு சண்டைக்கு ஒரு தடவை. ஒரு பிட் லார்டுக்கு 50 ஹெச்பி கணக்கு, ஒரு டீமனுக்கு 35. ஏழு பிட் லார்டு நின்றால் 350, சுளையாக 10 டீமன். சண்டை முடிந்தாலும் அவர்கள் மறைய மாட்டார்கள், நம் படையிலேயே இருப்பார்கள். இந்த விளையாட்டின் ஐந்தாம் பாகத்திலும் இன்ஃபெர்னோவுக்கு ஆள் வரவழைக்கும் வித்தை உண்டு. ஆனால் அங்கே வந்தவர்கள் சண்டை முடிந்ததும் காணாமல் போய்விடுவார்கள், வாடகைக்குப் பிடித்த கூட்டம் மாதிரி. மூன்றாம் பாகத்தில் வருகிறவன் நிரந்தர ஊழியன்.

ஒரு வாரத்துப் பிட் லார்டு 6 பேர். 300 ஹெச்பி. 8 டீமன். கோட்டை ஒரு வாரம் முழுக்கப் பெற்றுத் தருவதும் அதே 8 டீமன்தான்! ஒரு வாரத்து விளைச்சலை ஒரே சண்டையில் எடுக்கிறீர்கள். அடுத்த சண்டையில் திரும்பவும் எடுக்கலாம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிற இடம் வருகிறது. "அப்படியானால் இம்ப் எல்லாவற்றையும் சாகவிட்டு டீமன் ஆக்கிக்கொண்டே போகலாமே" என்று கிளம்புவார்கள். செத்தவனின் ஹெச்பியும் கணக்கில் வரும். இம்புக்கு 4 ஹெச்பி, ஆகவே ஒரு டீமனுக்கு 9 இம்ப் சாக வேண்டும். 9 இம்பின் விலை 450, கடையில் ஒரு டீமன் 250. காக் என்றால் மூன்று, 375 தங்கம். இரண்டிலும் நட்டம். அப்புறம் ஏன் செய்கிறேன்? டீமனுக்குத் தட்டுப்பாடு காசால் வருவதில்லை. வாரத்துக்கு எட்டுக்கு மேல் கடையில் சரக்கே இல்லை. மூன்றாவது வாரத்துக்குப் பிறகு இம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? எதிரி ஒரு மின்னலை இறக்கினால் பாதி அணி காணாமல் போகும். எப்படியும் சாகப் போகிறவன் செத்த பிறகாவது உதவட்டும்.

உண்மையான லாபம் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, வழியில் சும்மா வந்து சேர்ந்துகொள்கிற அந்நியப் படை. காசு கொடுக்காமல் வந்தவர்கள் என்பதால் டீமன் ஆனாலும் நமக்கு மிச்சம்தான். இரண்டு, செத்த டீமனே. அவனுக்கு 35 ஹெச்பி, ஆளுக்கு ஆள் திரும்ப எழுந்து வருவான். அதனால் டீமன்களை ஒரே மொத்தையாக வைக்காமல் சின்ன அணி ஒன்றைப் பிரித்து முன்னால் நிறுத்துவேன். அந்த அணி அடியோடு விழ வேண்டும், அரைகுறையாகச் செத்தால் பிட் லார்டுக்கு வேலை கிடையாது.

இன்னொரு விதியை நான் அடிபட்டுத்தான் கற்றேன். ஒரே கம்ப்யூட்டரில் மாற்றி மாற்றி உட்கார்ந்து ஆடுவோம், நானும் ஒரு நண்பனும். ஒரு தடவை ஏழு பிட் லார்டு, எதிரே ஒரே ஒரு ஸாம்பி (நடைபிணம்) மிச்சம், என் பக்கம் 30 காக் பிணமாகக் கிடக்கிறது. பத்து டீமன் உறுதி. பக்கத்தில் இருந்தவன், "மச்சான், ஒரு அடி போட்டா முடிஞ்சுது, சீக்கிரம் என் டர்ன் கொடு" என்றான். நானும் ஏதோ யோசனையில் செர்பெரஸை (அப்கிரேடு செய்த ஹெல் ஹவுண்டை) விட்டு அந்த ஸாம்பியைக் கொன்றேன். வெற்றிக் கொடி பறந்தது. 30 காக்கும் போச்சு, 10 டீமனும் போச்சு. அன்றிலிருந்து கடைசி எதிரியை நான் உபசரிக்கிறேன். பிட் லார்டு தன் வேலையை முடிக்கும் வரை அவனுக்கு ஒரு குறையும் வரக் கூடாது.

காக் பற்றிச் சொன்னதால் அதன் அப்கிரேடான மேகாக். 50 தங்கம் கூடுதலாகக் கொடுத்தால் அவன் எறியும் தீக்கொள்ளி வெடித்துப் பக்கத்துக் கட்டங்களையும் எரிக்கும். நம் ஆளும் அங்கே நின்றால் அவனும் வேகுவான். நெக்ரோபோலிஸின் லிச் எறியும் மரண மேகம் நம் பக்கத்துப் பிணப்படையை (எலும்புக்கூடு, ஸாம்பி வகையறாவை) ஒன்றும் செய்யாது. நரகத்தில் அந்தச் சலுகை கிடையாது. இதனாலேயே மேகாக் வேண்டாம், காக்கே போதும் என்பவர்கள் உண்டு. நான் அவர்கள் கட்சியில் இல்லை, ஆனால் காரணம் வேறு. மேகாக் எனக்குக் காலுக்காகத்தான் வேண்டும்.

ஹீரோ ஒரு நாளில் எவ்வளவு நடப்பான் என்பது படையில் மெதுவாக நடப்பவனைப் பொறுத்தது. காக்கின் வேகம் 4. ஒரு காக் கூட இருந்தாலும் அன்றைய நடை 1,560 புள்ளிதான். புல்வெளியில் நேராகப் போனால் ஒரு கட்டத்துக்கு 100, ஆக 15 கட்டம். மேகாக் ஆக்கினால் வேகம் 6, நடை 1,700, 17 கட்டம். இரண்டு கட்டம்தானே என்று நினைக்காதீர்கள். தங்கச் சுரங்கத்துக்கு இன்று போய்ச் சேர்வதா, நாளைக்கா என்பதை அந்த இரண்டு கட்டம் தீர்மானிக்கும். ஆனால் மேகாக் மட்டும் போதாது, டீமனின் வேகமும் 5-தான். அவனைக் கொம்புள்ளவனாக, ஹார்ன்டு டீமனாக, மாற்ற வெறும் 20 தங்கம். வேகம் 6, கூடவே 5 ஹெச்பி. பிட் லார்டு எழுப்புவது கொம்பில்லாத டீமனைத்தான் என்பதால், எழுப்பியதும் ஊருக்குத் திரும்பிக் கொம்பு வைத்துக்கொண்டு வர வேண்டும். வழியில் அப்கிரேடு செய்து தரும் ஹில் ஃபோர்ட் இருந்தால் அங்கேயே முடித்துவிடலாம். நாலாவது படிக்கு அங்கே முக்கால் விலைதான் வாங்குவார்கள், 15 தங்கம். டீக்கடைக் கணக்கு.

அப்புறம், வெடிக்கும் கொள்ளி நம் ஆளையும் கொல்கிறதே, அது பிட் லார்டு இருக்கும் படையில் குறையா? முன்னால் போய் மாட்டிக்கொண்டு பாதி செத்த இம்ப் அணி, அதைச் சுற்றி எதிரி. மேகாக் ஒரு கொள்ளி விட்டால் இரண்டு வேலையும் முடியும். அணி அடியோடு விழும், எதிரியும் வேகுவான். சொந்தக்காரனைச் சுடுவதை ஒரு உத்தியாகச் சொல்கிறேன் என்று திட்டாதீர்கள், நாம் ஆடுவது நரகத்தின் பக்கம்.

செர்பெரஸ் பற்றி வாதமே வேண்டாம். 50 தங்கத்துக்கு மூன்று தலை, மூன்று கட்டத்துக்கு அடி, திருப்பி அடி வாங்க வேண்டியதில்லை. இந்தக் கோட்டையில் கொடுத்த காசுக்கு மேல் கிடைக்கும் அப்கிரேடு இதுதான். பிட் லார்டுக்கு அடுத்து இதைக் கட்டுங்கள். இம்பை ஃபமிலியர் ஆக்க 10 தங்கம். எதிரி மந்திரம் போடும்போது செலவாகும் மானாவில் (மந்திர ஆற்றலில்) ஐந்தில் ஒரு பங்கை நம் ஹீரோவுக்குத் திருடிக் கொடுக்கும். நல்ல திருடன். காசு இருந்தால் செய்யுங்கள்.

எஃப்ரீட் கொஞ்சம் வேறு கதை. தீ மந்திரம் அவனை ஒன்றும் செய்யாது, அதனால் எஃப்ரீட் சுல்தான்களை (அப்கிரேடு செய்த எஃப்ரீட்களை) மட்டும் கூட்டிக்கொண்டு போய், களம் முழுவதையும் எரிக்கும் ஆர்மகெடான் மந்திரத்தைப் போட்டால் களத்தில் அவர்கள் மட்டும் தலை சீவிக்கொண்டு நிற்பார்கள். இதில் எனக்குத் தீராத வேடிக்கை, டெவிலுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நரகத்தின் முதலாளி தீயில் வேகுகிறார், தொழிலாளி வேகவில்லை! மந்திர சக்தி 10 உள்ள ஹீரோ தீ மந்திரப் பயிற்சி இல்லாமலேயே ஆர்மகெடான் போட்டால் 530 சேதம். 200 ஹெச்பி ஆர்ச் டெவில் இரண்டு பேர், 9,000 தங்கம், அந்த இடத்திலேயே காலி. ஆகவே சுல்தான் வழியில் போகிறவர்கள் டெவிலை மறந்துவிட வேண்டும். பிட் லார்டையும்தான், ஒத்துக்கொள்கிறேன். அது வேறு ஆட்டம். மந்திரக் கூடத்தில் ஆர்மகெடான் வருமா வராதா என்பது நம் கையில் இல்லை என்பதால் அதை நம்பி முதல் வாரத்தில் திட்டம் போட மாட்டேன்.

ஆர்ச் டெவில் மோசமான யூனிட் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. வேகம் 17, மதிலைத் தாண்டி எங்கே வேண்டுமானாலும் போய் நிற்பான், அவனை யாரும் திருப்பி அடிக்க முடியாது. சாதா டெவிலோடு பார்த்தால் தாக்குதல் 19-லிருந்து 26, வேகம் 11-லிருந்து 17. பெரிய தாவல். ஆனால் எதிரே கேஸில் இருந்தால் ஆர்ச்ஏஞ்சலின் வேகம் 18. ஒரே ஒரு புள்ளி! முதல் அடி அவனுடையது, ஹெச்பி 250, செத்தவனை எழுப்பவும் தெரியும். அவனோடு அவன் மைதானத்தில் போட்டி போட 9,000 செலவழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதே காசில் ஒரு வாரத்துப் பிட் லார்டு, செர்பெரஸ் இரண்டையும் வாங்கி இன்னும் 1,550 மிச்சம் வரும். டெவிலை ஆட்டம் நீளும்போது, கஜானா நிரம்பி வழியும்போது வாங்கிக்கொள்ளலாம்.

ஹீரோ யாரை எடுப்பது என்று கேட்பீர்கள். பிட் ஃபீண்டுக்கென்றே நைமஸ் இருக்கிறார், டீமனுக்கு மாரியஸ். நான் இவ்வளவு பேசியதற்கு இந்த இருவரில் ஒருவரைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஹீரோக்களை வேலைக்கு எடுக்கும் மதுக்கடையில் ஆக்டேவியா உட்கார்ந்திருந்தால் நான் அவரைத்தான் எடுப்பேன். அவர் இருந்தால் நாளைக்கு 350 தங்கம் வரும், வாரத்துக்கு 2,450. ஆறு பிட் ஃபீண்டைப் பிட் லார்டு ஆக்க 1,200 போக, மிச்சம் 1,250. ஐந்து டீமன், சில்லறை பாக்கி இல்லாமல்.