விண்ணப்பம் போட்டு ஓடிப்போன தங்கச்சி

இன்னும் ஒரே ஒரு ஆள் வந்து "ஒஞ் சின்னம்மா மக ஓடிப்போயிட்டாளாமே" என்று கேட்டால், நானே ஓடிப்போய்விடுவேன். யாரோடும் இல்லை, தனியாக.

இன்று காலை, எங்கள் இலங்கை மலையகத்தில் நோர்வூட்டிலிருந்து ஹட்டன் போகும் பஸ். சீட் கிடைத்தது, சனியன் அங்கேதான் பிடித்தது. நிற்பவர்களின் பைகளை உட்கார்ந்திருப்பவர் மடியில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது நம் ஊர் பஸ்ஸின் எழுதாத சட்டம். ஏற்கெனவே என் மடியில் ஒரு பள்ளிக்கூடப் பை, ஒரு ஈரக் குடை, யாருடையது என்றே தெரியாத, சூடு ஆறாத ஒரு சோற்றுப் பார்சல். மூன்றாவது தரிப்பிடத்தில், எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மேட்டு லயத்தில் (வரிசை வீடுகளில்) இருக்கும் அத்தை ஏறினார். ஏறிய வேகத்தில் லீக்ஸ் கட்டு திணித்த உரப்பையை அந்தப் பார்சல் மேலேயே வைத்தார். லீக்ஸ் வால் நேராக என் மூக்குக்கு. பஸ் வளைவில் திரும்பும்போதெல்லாம் அது என் கன்னத்தில் ஒரு தட்டு தட்டும். இந்த நிலையில்தான் விசாரணை தொடங்கியது.

அத்தை முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவர். நாலு நிரை தள்ளி நிற்பவளோடு பேசிப் பழகிய தொண்டை அது.

"என்னா புள்ள, ஒஞ் சின்னம்மா மக ஓடிப்போயிட்டாளாமே?"

டிரைவர் பாட்டைக் குறைத்தார். சத்தியமாகக் குறைத்தார்.

"ஓடிப்போகல அத்தை. கல்யாணம் பண்ணிக்கிட்டா."

"அதைத்தான புள்ள நானும் கேக்குறேன்."

இதற்கு என்ன பதில் சொல்வது? இத்தனைக்கும் மூலகாரணம் பணிய லயத்தில் இருக்கும் ஏ லெவல் படிக்கும் ஒரு பையன். தங்கச்சி கலிபோர்னியாவிலிருந்து போட்டோ போட்டு, கீழே 'எலோப்ட்' என்று ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை எழுதி, ஒரு இதயத்தையும் ஒட்டியிருந்தாள். தம்பி அதை போனில் மொழிபெயர்த்தான். 'ஓடிப்போனோம்' என்று வந்தது. பகல் சாப்பாட்டுக்குள் தோட்டம் முழுக்கச் செய்தி போய்விட்டது. தண்ணீர் பைப் உடைந்தால் மூன்று நாள் யாருக்கும் தெரியாத தோட்டம் இது.

சரி, பொறுமையாக விளக்குவோம் என்று ஆரம்பித்தேன். பொறுமை எனக்கு எப்போதும் நஷ்டம்தான்.

"பாலைவனத்துல ஒரு தேசியப் பூங்கா இருக்கு அத்தை. ஜோஷுவா ட்ரீன்னு பேரு. அங்கதான் கல்யாணம்."

"பூங்காவா? நம்ம ஹக்கலை மாதிரியா?"

"பூவெல்லாம் இல்ல. கல்லு."

போட்டோவைக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. போன் என் கையை விட்டுப் போய், பின் சீட்டு, முன் சீட்டு எல்லாம் சுற்றி, கடைசியில் அத்தையிடமே வந்து சேர்ந்தது. அத்தை கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"கல்லொடைக்கிற எடத்துலயா தாலி கட்டுனாங்க? இது என்னா பின்னுக்கு, ஆனைக்கத்தாழையா?"

அந்த ஜோஷுவா மரம் உண்மையிலேயே ஆனைக்கற்றாழையின் சொந்தக்காரன்தான். பெயரில்தான் மரம். பஸ்ஸில் இன்று சொல்லப்பட்ட ஒரே சரியான தகவலைச் சொன்னவர் அத்தை. நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கும் ரோஷம் இருக்கிறது.

விஷயம் என்னவென்றால், அந்த 'எலோப்ட்' என்ற வார்த்தைக்கு அங்கே இப்போது அர்த்தமே வேறு. ராத்திரியில் துணிப்பையோடு ஜன்னல் வழியாகக் குதிப்பது இல்லை. ஊரைக் கூட்டாமல், நாலைந்து பேரோடு, பிடித்த இடத்தில் கல்யாணம் செய்துகொள்வது. அதற்கென்றே படம் எடுப்பவர்கள், முகூர்த்தம் இல்லாமல் வெயில் சாயும் நேரம் பார்த்துச் சொல்பவர்கள் என்று ஒரு தொழிலே நடக்கிறது. அந்தப் பூங்காவுக்குள் நினைத்த இடத்தில் போய் மாலை மாற்றவும் முடியாது. விண்ணப்பம் போட வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், அவர்கள் குறித்துக் கொடுத்திருக்கும் இடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இடத்துக்கு இத்தனை தலைதான் என்று கணக்கும் உண்டு. கோடையில் 38 பாகை செல்சியஸைத் தாண்டிக் கொளுத்தும் என்பதால் இவர்கள் ஒக்டோபர் வரை காத்திருந்தார்கள். விண்ணப்பம் போட்டு, காசு கட்டி, காலநிலை பார்த்து, ஆறு மாதம் காத்திருந்து எவளாவது ஓடிப்போவாளா? நீங்களே சொல்லுங்கள்.

இதையெல்லாம் பஸ்ஸில் சொன்னேன். லீக்ஸுக்கு மேலாகச் சொன்னேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். "அங்க அரிசி, பூவெல்லாம் தூவக் கூடாது அத்தை, காட்டுக்கு ஆகாதாம்" என்று ஒரு வார்த்தை கூடப் பேசிவிட்டேன்.

"அட்சதை போடக் கூடாதா!"

பஸ் எழுந்து நின்றது. முன் சீட்டில் இருந்த ஐயா, அதுவரை தூங்கிக்கொண்டிருந்தவர், திரும்பி "அப்ப அது செல்லாது" என்று தீர்ப்பே சொன்னார். அட்சதை இல்லாவிட்டாலும் ரெஜிஸ்டர் செல்லும் என்று ஒரு டீச்சர். ரெஜிஸ்டர் என்றால் ரெண்டு சாட்சி வேண்டும், யார் போட்டது என்று அத்தை. ஒரு சிநேகிதி போட்டாள் என்றேன். கலிபோர்னியாவில் சாட்சியே இல்லாமல் தரும் ஒருவகை உரிமமும் உண்டு, அதற்குப் பெயரே ரகசிய உரிமம். அதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் டிரைவரும் திரும்பிப் பார்த்திருப்பார், பஸ் பள்ளத்தில் போயிருக்கும். மாப்பிள்ளை தெலுங்குப் பையன் என்பதை நான் சொல்லாமலே கண்டக்டர் சொன்னார். அவருக்கு எப்படித் தெரியும்? தயவுசெய்து யாராவது சொல்லுங்கள்.

"பாவம் ஒன் சின்னம்மா" என்றார் அத்தை. அங்கேதான் எனக்குச் சுருக்கென்று ஏறியது.

சின்னம்மாவுக்கு எல்லாம் முன்னாடியே தெரியும். சம்மதம் கொடுத்தவரே அவர்தான். அங்கே அந்தி, இங்கே விடியல், பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். அன்றைக்குப் பிரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு) போகாமல், ஒருநாள் பேரை, அதாவது சம்பளத்தை, விட்டுவிட்டு, கூறைச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, போனை பிளாஸ்க்கில் சாய்த்து வைத்து உட்கார்ந்திருந்தார். அந்தப் பூங்காவுக்குள் பெரும்பாலான இடத்தில் சிக்னலே கிடையாது. வீடியோ வரவில்லை. திரையில் அவர் முகம்தான் அவருக்குத் தெரிந்தது. ஒன்பது மணிக்குப் போட்டோ வந்தது. ஒவ்வொன்றாக விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "மெலிஞ்சிட்டா" என்று மட்டும் சொன்னார். அப்புறம் கேசரி கிண்டி லயம் முழுக்கக் கொடுத்தார். இந்த அத்தையும் அந்தக் கேசரியை வாங்கித் தின்றவர்தான்! தின்னும்போது கேட்கவில்லை. பஸ்ஸில் கேட்கிறார்.

சரி, ஊர் கூடி நடத்தினால் மட்டும் என்ன கிடைக்கிறது? என் அக்கா கல்யாணம் அப்படித்தான் நடந்தது. 450 பேர். ஐந்து பேர் வந்து சாப்பிட்ட வீட்டின் மொய் ஐந்நூறு ரூபாய், அதையும் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். பப்படம் உடைந்திருந்தது என்று பெரியப்பா இன்றைக்கும் எங்கள் வீட்டு வாசல் மிதிப்பதில்லை. அம்மாவின் தோடு அடகுக்கடையிலிருந்து இன்னும் வரவில்லை.

இப்போது என் முறை. அழைப்புப் பட்டியல் 380இல் நிற்கிறது, பதுளைப் பக்கத்துச் சொந்தங்களை இன்னும் எழுதவே ஆரம்பிக்கவில்லை. நானும் என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவரும் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னோம், ஹோட்டன் சமவெளியில் பத்துப் பேரோடு முடித்துவிடலாமா என்று. 1988இலிருந்து அதுவும் தேசியப் பூங்காதானே. மாமா யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், நான் சந்தோஷப்பட்டுவிட்டேன். பிறகு கேட்டார்: "அண்டாவை எங்க வைக்கிறது?" வாசலிலேயே பொலித்தீன் பையைப் பிடுங்கிக்கொள்ளும் இடத்தில் அண்டா! அதோடு அங்கே 'உலக முடிவு' என்று ஒரு மலை விளிம்பு இருக்கிறது, அந்தப் பக்கம் கல்யாணம் வைத்தால் பெயர் ராசி இல்லையாம். 800 மீட்டருக்கு மேல் பள்ளம், குடித்துவிட்டு வரும் சித்தப்பாமார் யார் பொறுப்பு என்றும் கேட்டார். அது ஒன்று நியாயமான கேள்வி.

டிக்கோயா தாண்டியதும் பஸ்ஸில் கூட்டம் குறைந்தது. பக்கத்து சீட் காலியாகி அத்தை உட்கார்ந்தார். லீக்ஸ் மட்டும் என் மடியிலேயே இருந்தது. கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு என் காதுக்குக் கிட்டே வந்து, வாழ்க்கையில் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினார்.

"புள்ள, அந்த மாதிரி எடம் நம்ம நாட்டுல எங்கயாச்சும் இருக்கா? பேத்திக்குத் தை மாசம் வச்சிருக்கு. நூறு பேருக்கு மேல கூட்டக் கூடாதுன்னு கவர்மெண்டே எழுதிக் குடுக்குற எடமா இருந்தா நல்லது. நான் சீட்டுக் காசு வேற எடுத்துட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், லீக்ஸ் மூக்கில் ஏறித் தும்மலும் சேர்ந்து வந்தது. அத்தையும் சிரித்தார். எதற்கென்று தெரியாமல் முன் சீட்டு ஐயாவும் சிரித்தார். இறங்கும்போது உரப்பையிலிருந்து ரெண்டு லீக்ஸை உருவி என் கையில் திணித்துவிட்டு, சந்தைப் பக்கம் போய்விட்டார்.

அந்தச் சிரிப்பில் கண்டக்டரிடம் மிச்சக் காசு கேட்க மறந்துவிட்டேன். ஏறும்போதே நூறு ரூபாய் கொடுத்தேன், "எறங்கும்போது தாரேன் நோனா" என்றார். முப்பது ரூபாய். நேற்று இருபது. போன வாரம் ஒருநாள் நாற்பது. தெலுங்கு மாப்பிள்ளை வரைக்கும் ஞாபகம் வைத்திருக்கிற மனுஷனுக்கு என் முப்பது ரூபாய் மட்டும் எப்படி மறக்கிறது?