அத்தாரிட்டேட்டிவ் என்றால் அதட்டல் அல்ல

என் மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேசிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் காணொளியை உங்களில் பலர் பார்த்துவிட்டீர்கள். ஆகவே நடந்ததை விவரிக்கப் போவதில்லை. 'அத்தாரிட்டேட்டிவ்' நூல் என்பதை நான் 'ஆதாரபூர்வமான நூல்' என்று மொழிபெயர்த்ததைப் பிழையென்று சொல்லி, 'அதிகாரத்தனமான' என்று திருத்தி வாசித்து, அவை சிரிக்கும் வரை காத்திருந்த அந்தப் பெரியவருக்கு என் வணக்கம். அவர் மனத்தில் இருந்தது 'அத்தாரிட்டேரியன்'. அது ஆங்கிலத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறந்த சொல், கீழ்ப்படியச் சொல்வது. நான் மொழிபெயர்த்தது அதைவிட மூத்த சொல். நம்பத் தகுந்தது என்பது அதன் பொருள்.

இரண்டுக்கும் மூலம் 'அவுக்டோரிட்டாஸ்' என்னும் லத்தீன் சொல். ஆணையால் அல்லாமல் மதிப்பால் வரும் செல்வாக்கு அது. அதன் வேர் 'அவுகேரே', அதாவது வளர்த்தல், பெருக்குதல். நூலாசிரியரைக் குறிக்கும் 'ஆதர்' என்ற சொல்லும், ஏலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும்கூட அதே வேரில் கிளைத்தவை. ஆணையிடும் அதிகாரத்துக்கு ரோமானியர் 'பொட்டெஸ்டாஸ்' என்று வேறு பெயர் வைத்திருந்தார்கள். அவுக்டோரிட்டாஸில் தான் எல்லோரையும் விஞ்சியதாகவும், பொட்டெஸ்டாஸோ உடன் பதவி வகித்தவர்களைவிடத் தனக்குக் கூடுதலாக இல்லை என்றும் பேரரசர் அகஸ்டஸ் தன் சாதனைப் பட்டியலில் சொல்லிக்கொள்கிறார். அது எவ்வளவு பெரிய பாசாங்கு என்பது தனிக்கதை. படைகளைக் கையில் வைத்திருந்தவருக்கே வேறுபாடு தெரிந்திருந்தது. ஒலிவாங்கியை மட்டும் வைத்திருந்தவருக்குத் தெரியவில்லை.

என் பெரியம்மாவிடம் தெருப் பெண்கள் வற்றல் கூழைக் கிண்ணத்தில் கொண்டுவருவார்கள். விரல் நுனியால் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "காய்ந்தால் உப்பு ஏறும், குறைச்சுப் போடு" என்பார். மறுபேச்சு இருக்காது. யாரையும் அதட்டும் உரிமை அவருக்கு இல்லை, வீட்டிலேயே இல்லை. 'அத்தாரிட்டேட்டிவ்' என்ற சொல் குறிப்பது அவர் சொல்லுக்கு இருந்த அந்த மதிப்பைத்தான், அதட்டலை அல்ல.

'ஆணையிடும் தொனி என்ற பொருளும் அகராதியில் இருக்கிறதே' என்பீர்கள். இருக்கிறது, குரலுக்கும் தோரணைக்கும். புத்தகம் யாரை ஐயா அதட்டும்? 'ஒரு சொல்லுக்கா இத்தனை நீளம்?' என்பவர்களுக்கு: சொல்லை எடைபோடுவதுதான் என் பிழைப்பு.

சொல்லைப் பற்றி மட்டுமே எழுத நினைத்தேன். ஆனால் மேடையிலிருந்து இறங்கும்போது, "தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இதெல்லாம் பிடிபடாது" என்று அவர் சிரித்தபடி சொன்னது காணொளியில் பதிவாகவில்லை. என் காதில் பதிவாகியிருக்கிறது. ஆம், தமிழ் வழியில்தான் படித்தேன். அதனால்தான் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லையும், தெரியும் என்று எண்ணிக்கொள்ளாமல், அகராதியைப் புரட்டிப் பார்த்தே எழுதுகிறேன். அச்சுக்குப் போகும் இரண்டாம் பதிப்பிலும் 'ஆதாரபூர்வமான' என்றே இருக்கும்.