காற்றுக்கும் காசு கேட்கும் கூரியர்

ராமநாதபுரம் கடற்கரையோரத்தில் பனை ஓலையில் பெட்டியும் கூடையும் முடைகிற பெண்களுக்கு ஆன்லைன் விற்பனை சொல்லித் தருகிறோம் என்று வருகிறவர்கள் முதலில் எடுப்பது செல்போனைத்தான். ரீல்ஸ் எப்படி எடுப்பது, ஹேஷ்டேக் எப்படிப் போடுவது, கியூஆர் கோடு எங்கே ஒட்டுவது. தராசையும் இன்ச் டேப்பையும் யாரும் வெளியே எடுப்பதில்லை. என்னைக் கேட்டால் பாடம் அங்கேதான் தொடங்க வேண்டும். சந்தைக்கும் கோயில் வாசல் கடைக்கும் முடைந்த பெட்டியை அப்படியே படம் பிடித்துப் போட்டால் லைக் வரும், ஆர்டர்கூட வரும். கட்டுப்படியாகாது. பார்சலில் போகிற பெட்டியைப் பார்சலுக்கென்றே முடைய வேண்டும்.

ஏன் என்றால் கணக்கு இப்படி. கூரியர்காரர்கள் பொருளின் எடையை மட்டும் பார்ப்பதில்லை. அட்டைப்பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கிப் பெரும்பாலும் 5000-ஆல் வகுக்கிறார்கள். அதில் வரும் எண்ணா, நிஜ எடையா, எது கூடுதலோ அதற்குத்தான் காசு. 30க்கு 30க்கு 25 அட்டைப்பெட்டியில் ஒரு கூடை போகிறது என்று வையுங்கள். 22,500-ஐ 5000-ஆல் வகுத்தால் நாலரை கிலோ. கூடையின் நிஜ எடை அரைக் கிலோகூடத் தேறாது. மீதி நாலு கிலோ வெறும் காற்று. அந்தக் காற்றுக்கு யார் காசு கொடுப்பது? வாங்குகிறவர் "கூடையை விடக் கூரியர் ஜாஸ்தியா இருக்கே" என்று ஒதுங்கிவிடுவார். முடைந்தவரே ஏற்றுக்கொண்டால் அது கூலியிலிருந்து போகும்.

இதற்கு வழி முடைகிற இடத்திலேயே இருக்கிறது. அட்டைப்பெட்டியை முதலில் வாங்குங்கள், அதற்குள் அடங்குகிற மாதிரிக் கொட்டான், அதாவது சிறு ஓலைப்பெட்டி, முடையுங்கள். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மூன்று பெட்டி கொண்ட செட் 22க்கு 22க்கு 16 அட்டையில் போனால் ஒன்றரைக் கிலோ சொச்சம்தான் கணக்காகும், மூன்றுக்கும் சேர்த்து. உள்பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் நடுவே சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி விட வேண்டும். இறுக்கமாக அடக்கினால் வழியில் அமுங்கி, வாங்கியவர் இழுக்கும்போது வாய் விளிம்பு பிய்ந்து வரும். தூக்குப்பையில் இன்னும் லாபம். அடி அகலமாக, நிமிர்ந்து நிற்கிற பை 35க்கு 30க்கு 12 என்றால் இரண்டரைக் கிலோ. அதே பையை அடி மடியும்படி முடைந்து தட்டையாக வைத்து 4 சென்டிமீட்டர் உயரத்தில் அனுப்பினால் 840 கிராம். மடிப்பு விழும் இடத்தில் ஓலையை ஈரத்துணியால் துடைத்துப் பதமாக்கிவிட்டு மடிக்க வேண்டும். காய்ந்த ஓலையை மடித்தால் அந்தக் கோட்டிலேயே வெடிக்கும்.

கொட்டானுக்குள் வெறுமையாக விட்டு அனுப்பினால் மேலே ஏறும் மூட்டைக்கு நசுங்கும். உள்ளே காகிதம் கசக்கி வைக்கத்தான் வேண்டும். ஆனால் பழைய செய்தித்தாள் வேண்டாம். லேசாக ஈரம் பட்டால் அச்சு மை வெள்ளோலையில் (காய வைத்து வெளுத்த குருத்தோலை) ஒட்டிக்கொள்ளும், பிறகு எதைப் போட்டுத் துடைத்தாலும் போகாது. அச்சில்லாத பழுப்புக் காகிதம் கிலோக் கணக்கில் கிடைக்கிறது, அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பூஞ்சை. நம் பக்கத்து ஓலைச் சாமானுக்குத் திரும்பி வரும் புகாரில் பெரும்பாதி இதுதான். "பெட்டியைத் திறந்தா வாடை அடிக்குது, கறுப்பா புள்ளி புள்ளியா இருக்கு." ஓலை மட்டமில்லை. ஈரத்தோடு கட்டியதுதான் காரணம். முடையும்போது ஓலையை நனைத்துத்தான் ஆக வேண்டும். முடைந்து முடித்ததும் வெளியே தொட்டால் காய்ந்த மாதிரித்தான் இருக்கும், ஆனால் மூலையிலும் விளிம்பிலும் ஓலை மூன்று நான்கு அடுக்காகச் சொருகியிருக்கும். அந்த அடுக்குக்குள் ஈரம் நிற்கும். காற்றோட்டமான நிழலில் இரண்டு நாள், மழைமூட்டம் என்றால் நாலைந்து நாள் கிடந்தால்தான் அது இறங்கும். அதற்கு முன்னால் பாலிதீன் கவரில் போட்டு ஒட்டினால் உள்ளே வேர்த்துவிடும். கவரே வேண்டாம். காகிதத்தில் சுற்றி அட்டைக்குள் வைத்து, அட்டைக்கு வெளியே மட்டும் பிளாஸ்டிக் சுற்றுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டு போட்டால் நல்லது. ஆனால் அது சரியாகக் காய்ந்த பொருளைக் காக்கும், காயாததைக் காய வைக்காது.

அதிக ஈரத்தில் முடைந்தால் இன்னொரு கோளாறும் உண்டு. நனைந்த ஓலை உப்பியிருக்கும், காயக் காயச் சுருங்கும். முடைந்தபோது நெருக்கமாக இருந்த பின்னல் ஒரு வாரத்தில் இளகி வெளிச்சம் தெரியும். ஓலையைத் தண்ணீரில் ஊறப்போடாமல், ஈரத்துணியில் சுற்றி வைத்து எடுத்து முடைந்தால் இது வராது.

இனி தண்ணீர். கடலோரக் கிணறும் போரும் பெரும்பாலும் உப்பு. அந்தத் தண்ணீரில் ஓலையை அவித்து, அதிலேயே சாயம் போட்டு, அதிலேயே அலசினால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். அது கண்ணுக்குத் தெரிகிற குறை. தெரியாத குறை ஒன்று இருக்கிறது. ஓலையில் தங்கிய உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நன்றாகக் காய வைத்த பெட்டிகூட மழைக்காலத்தில் பிசுபிசுக்கிறது என்றால் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். குடிதண்ணீரைக் குடம் காசு கொடுத்து வாங்கும் ஊரில் எல்லாவற்றுக்கும் நல்ல தண்ணீர் செலவழி என்று சொல்ல வாய் வராது. சாயம் கரைப்பதற்கும் கடைசி அலசலுக்கும் மட்டுமாவது நல்ல தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

சாயத்தூளை நேரே பெரிய பாத்திரத்தில் கொட்டக் கூடாது. ஒரு டம்ளர் வெந்நீரில் தனியாகக் கரைத்து, துணியில் வடிகட்டி ஊற்றினால் புள்ளி விழாது. ஓலை முழுவதும் முங்க வேண்டும், 20 முதல் 30 நிமிடம் கொதி அடங்காமல் புரட்டிப் போட வேண்டும், அந்தத் தண்ணீரிலேயே ஆற விட வேண்டும். பிறகு அலசுகிற தண்ணீர் தெளிகிறவரை அலசி, நிழலில் காய வைக்க வேண்டும். முடைவதற்கு முன் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் அந்தக் கட்டு ஓலை இன்னும் அலசலுக்குத்தான். வாங்கியவரின் பட்டுப்புடவையில் பச்சை ஒட்டினால் அந்தக் கொட்டானுக்குப் போட்ட ஒற்றை நட்சத்திரம் காலத்துக்கும் கடைப் பக்கத்தில் கிடக்கும்.

படம் எடுப்பதைப் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. உச்சி வெயிலில் மணல்மேல் வைத்து எடுக்காதீர்கள், வெள்ளோலை பாலாக வெளுத்து, பின்னலே தெரியாது. காலை எட்டு மணிக்குத் திண்ணை நிழல் போதும். ஒரு படத்தில் அடியைக் காட்டுங்கள், ஒரு படத்தில் கையில் பிடித்துக் காட்டுங்கள். அளவை எழுத்தில் போட்டாலும் பத்துக்கு நாலு பேர் படிக்காமல்தான் வாங்குவார்கள்; "இவ்வளவு சின்னதா?" என்று வரும் சண்டையைக் கையோடு எடுத்த படம் தடுக்கும்.

விலைக்கு வருவோம். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ஆறு அங்குலச் சதுரத்தில் மூடி போட்ட பெட்டி ஒன்றுக்கு, ஓலை கிழித்து ஈர்க்கு எடுப்பதிலிருந்து மூடி பொருத்துவதுவரை ஐந்து மணி நேரம் என்று வைப்போம். 2025-26க்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி ஒரு நாளுக்கு 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 42. ஐந்து மணிக்கு 210. ஓலைக்கும் சாயத்துக்கும் 40, அட்டைக்கும் காகிதத்துக்கும் 35 என்றால் 285 ஆயிற்று. உடைசல், திரும்பி வருவது, நாள் முழுக்க வாட்ஸ்அப்பில் பதில் சொல்லும் நேரம் இதற்கெல்லாம் ஒரு 30 சேர்த்தால் 315. கூரியர் தனி. இதில் லாபம் என்று ஒரு பைசா இல்லை, மண்வெட்டி பிடித்தால் கிடைக்கிற கூலி மட்டும்தான். அந்தப் பெட்டியை 150 ரூபாய்க்குப் போட்டுவிட்டு "ஆன்லைன்ல நல்லாப் போகுது" என்று சொல்வது யாரை ஏமாற்ற?

450 என்று போட்டால் நேரடி விற்பனைக்குச் சரி. ஆனால் சென்னையிலோ கோவையிலோ ஒரு பூட்டிக் கடைக்காரர் நாற்பது சதவீதம் கழித்துக் கேட்டால் கையில் வருவது 270, அடக்கத்துக்கும் கீழே. கடைக்கும் கொடுக்கும் எண்ணம் இருந்தால் முதலிலேயே 550 வைக்க வேண்டும், அப்போது 330 நிற்கும். நேரில் 450, கடையில் 550 என்று இரண்டு விலை வைத்தால் கடைக்காரர் அடுத்த முறை கூப்பிட மாட்டார். "பிளாஸ்டிக் கூடை எண்பது ரூபாய்க்குக் கிடைக்குதே" என்பவர் நம் வாடிக்கையாளர் இல்லை. அவரிடம் மல்லுக்கட்டும் நேரத்தில் ஒரு மூடி முடித்துவிடலாம்.

தளங்களைப் பற்றிச் சுருக்கமாக. 2023 அக்டோபர் 1 முதல், ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் இருக்கும் தமிழ்நாட்டுக்காரர் தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பதானால் ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே ஆன்லைன் தளங்களில் கடை போடலாம். பான் எண்ணை வைத்து ஜிஎஸ்டி இணையதளத்தில் அதற்கென்று ஓர் எண் வாங்க வேண்டும், அவ்வளவுதான். தளம் வழியாக வெளிமாநிலத்துக்கு விற்க இந்தச் சலுகை செல்லாது. கைவினைப் பொருள் விற்கும் அமெரிக்கத் தளமான எட்ஸியில் ஒரு பொருளைப் பட்டியலிட 20 அமெரிக்க சென்ட், அது நாலு மாதத்தில் காலாவதி. விற்றால் 6.5 சதவீதம், அதுவும் அனுப்பும் செலவையும் சேர்த்த தொகையின்மேல். காற்றுக்குக் கட்டிய காசுக்கும் கமிஷன் என்று அர்த்தம். அமெரிக்கா 800 டாலர்வரை இருந்த சுங்க விலக்கை 2025 ஆகஸ்ட் 29-இல் எடுத்ததும், அதையொட்டி நம் அஞ்சல் துறை அங்கே பார்சல் அனுப்புவதை அக்டோபர் நடுவரை நிறுத்தி வைத்ததும் நினைவிருக்கட்டும். வெளிநாட்டை மட்டும் நம்பி முடைந்தால் ஓர் அறிவிப்பில் அடுப்பு அணையும். ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புவதானால் ஓலைச் சாமானில் ஒரு பூச்சி துளைகூட இருக்கக் கூடாது, அங்கே பிரித்துப் பார்ப்பார்கள். உள்ளூரில் ஏமாற்றுக்காரர்கள் வேறு இருக்கிறார்கள்: மிலிட்டரியில் இருக்கிறேன், மொத்தமாக ஐம்பது கூடை வேண்டும், பணம் அனுப்புகிறேன், உங்கள் யுபிஐ பின் நம்பர் போடுங்கள் என்பார்கள். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் போட வேண்டியதே இல்லை.

சங்கு, சிப்பி வேலை செய்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ராமேஸ்வரம் கடைத்தெருவில் தொங்குகிறது என்பதற்காக எதையும் ஆன்லைனில் போட்டுவிடாதீர்கள். பவளம், கடல் விசிறி, கடல்குதிரை, கடலட்டை, ராட்சத மட்டி இவையெல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் இருப்பவை. கரையில் செத்து ஒதுங்கியது என்று சொன்னாலும் செல்லாது. ரெசினில் கடல்குதிரையை அடைத்த சாவிக்கொத்தும் அதே குற்றம்தான். முதல் பட்டியலில் உள்ள உயிரினம் என்றால் மூன்று முதல் ஏழு வருடம் சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். கடையில் தொங்குவதைப் பத்துப் பேர் பார்ப்பார்கள். இணையத்தில் போட்ட படம் பெயரோடும் போன் நம்பரோடும் நிற்கும் சாட்சி. பூசைக்கும் வளையலுக்கும் போகிற சாதாரணச் சங்கை விற்கத் தடையில்லை. வாங்கிய பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு விற்கலாம். அதிலும் ஆசிட்டில் கழுவி வெள்ளையாக்குகிற வேலை வேண்டாம், மேல்பரப்பு அரிக்கப்பட்டு மினுமினுப்பே போய்விடும்.

கடைசியாகக் கல்யாண ஆர்டர். உண்மையில் நாலு காசு பார்க்க முடிவது இதில்தான், மாட்டிக்கொள்வதும் இதில்தான். தாம்பூலக் கொட்டான் 300 வேண்டும் என்று கேட்கிறார்கள். ஒன்றுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் 450 மணி நேரம். வீட்டு வேலை போக ஆளுக்கு நாலு மணி நேரம் என்று ஐந்து பேர் உட்கார்ந்தால் 23 நாள். காய வைக்க, கட்ட, போய்ச் சேர ஒரு வாரம். ஆக ஒரு மாதத்துக்குக் குறைந்து ஒத்துக்கொள்ளாதீர்கள். ஐந்து கை முடைந்தால் ஐந்து அளவு வரும். ஒரே அளவில் மரக்கட்டை அச்சு ஐந்து செய்து ஆளுக்கொன்று கொடுத்து, அதன்மேல் முடையச் சொல்லுங்கள். ஓர் ஆர்டருக்கு வேண்டிய ஓலை முழுவதையும் ஒரே நாளில் சாயம் போட்டுவிட வேண்டும். அடுத்த வாரம் போட்ட சிவப்பு இந்தச் சிவப்போடு சேராது.

இதில் ஒரு சிக்கல் மாதத்தில் இருக்கிறது. ஆர்டர் அதிகம் வருவது தை முகூர்த்தத்துக்கு. அதற்கு முடைய வேண்டியது கார்த்திகை, மார்கழியில், அதாவது வருடத்திலேயே ஈரம் கூடிய நாட்களில். அப்போது குருத்து வெட்டி வெள்ளோலையாகக் காய வைக்கலாம் என்றால் நடக்காது. சாயல்குடி, ஏர்வாடி பக்கம் பனைக்குப் பஞ்சமில்லை, ஏறுவதற்குத்தான் ஆள் பஞ்சம். அந்த ஆளும் மழையில் வழுக்கும் மரத்தில் ஏற மாட்டார். ஆகவே வெயில் காலத்திலேயே குருத்து எடுத்துவிட வேண்டும். ஒரே மரத்தில் அடுத்தடுத்து எடுத்தால் மரம் இளைத்துவிடும், மாற்றி மாற்றி எடுக்கச் சொல்லுங்கள். வெயிலிலும் பனியிலும் போட்டு வெளுக்க வைத்து, ஈர்க்கு நீக்கி, சாயமும் முடித்து, புரட்டாசிக்குள் கட்டுக் கட்டாகப் பரண்மேல் ஏற்றிவிட வேண்டும். தரையில் வைத்தால் ஓதம் ஏறும். கார்த்திகையில் முடைவது மட்டும்தான் பாக்கி என்றிருக்க வேண்டும். முடைந்ததைக் காய வைக்க ஒரு அறையில் மின்விசிறியை ஓடவிட்டு, கயிற்றில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். அந்தக் கரண்டு பில்லையும் கொட்டான் விலையில் சேருங்கள். பாதிப் பணம் முன்பணமாக வந்த பிறகு பரணிலிருந்து ஓலைக்கட்டுகளை இறக்கினால் போதும்.