இரண்டாம் பாகத்துக்கு முழு விலை கொடுக்கலாமா?

பாட்டின் தாளத்துக்கு ஏற்பப் பொத்தான்களை அழுத்தி விளையாடும் கேம் ஒன்றின் இரண்டாம் பாகம் வெளிவரும்போதெல்லாம், "பாட்டு மட்டுந்தானே மாறியிருக்கிறது, இதற்கும் முழு விலையா?" என்ற கேள்வி எழுவதுண்டு. வெளிநாட்டிலிருந்து மாமாவோ சித்தப்பாவோ அனுப்பிய பாவித்த பிளேஸ்டேசனில் விளையாடும் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பிள்ளைகளுக்கு அறுபது டொலர் என்பது ஏறத்தாழ 18,000 ரூபா என்பதால், இந்தக் கேள்வியை நான் அற்பமானதாகக் கருதவில்லை.

ஆனால் "பாட்டு மட்டுந்தானே" என்பதை ஏற்க மாட்டேன். ஒரு பாட்டை கேமில் சேர்ப்பதற்கு, அதை இயற்றியவருக்குரிய உரிமையையும் ஒலிப்பதிவுக்குரிய உரிமையையும் தனித்தனியே பெறவேண்டும். இந்த வகை கேம்களில் ஒன்றான கிற்றார் ஹீரோவின் 2005இல் வந்த முதற்பாகத்துப் பாட்டுகளிற் பெரும்பாலானவை வேறு கலைஞர்களைக் கொண்டு மீண்டும் பாடி, வாசித்துப் பதிவு செய்யப்பட்டவை. மூல ஒலிப்பதிவுகளின் உரிமைச் செலவு அதற்கு ஒரு முக்கிய காரணம்.

என் கணக்கில், விலையைத் தீர்மானிக்க வேண்டியது விரலுக்குக் கிடைக்கும் மாற்றம். 2006இல் வந்த கிற்றார் ஹீரோ 2, விரைவான சுரங்களைத் தொடர்ச்சியாக வாசிப்பதை இலகுவாக்கியது; கடினமான பகுதியை வேகத்தைக் குறைத்துப் பழகவும், இருவர் சேர்ந்து ஒரே பாட்டின் வெவ்வேறு பகுதிகளை வாசிக்கவும் வழி செய்தது. மேளக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்த எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் முதல் பாட்டிலேயே பிடிபட்டுவிடும். அதற்கு முழு விலை தகும். அடுத்த ஆண்டே எண்பதுகளின் பாட்டுகளோடு வந்த வெளியீட்டில் முப்பது பாட்டுகளே இருந்தன, விளையாடும் முறையும் ஏறக்குறைய அப்படியே இருந்தது, விலையோ முழு விலை. அதைக் கடைத் தட்டிலேயே விட்டுவிட்டு வருவதே சரி.

இதே வகையைச் சேர்ந்த இன்னொரு கேமான, 2008இன் றொக் பாண்ட் 2 இன்னும் நேர்மையாக நடந்துகொண்டது. புதிதாக 84 பாட்டுகளைத் தந்ததோடு, முதற்பாகத்துப் பாட்டுகளிற் பெரும்பாலானவற்றை ஐந்து டொலர் கட்டணத்துடன் கொண்டுவரவும் விட்டது. இவற்றை விளையாடப் பயன்படும், பொத்தான்கள் வைத்த பிளாஸ்டிக் கிற்றார் போன்ற பழைய கருவிகளும் அதில் வேலை செய்தன. இங்கே அத்தகைய கிற்றார் ஒன்று பழுதானால் இன்னொன்றைத் தேடியெடுப்பது எவ்வளவு பாடு என்பதை அறிந்தவர்களுக்கு, அந்தக் கடைசி வசதியே பாதி விலைக்குச் சமம்.

இன்னொன்றையும் பார்க்கவேண்டும். 2015இல் வந்த கிற்றார் ஹீரோ லைவ், தன் பாட்டுகளில் மிகப் பெரும்பாலானவற்றை இணையத்தின் வழியாகவே தந்தது. 2018 டிசம்பரில் அந்தச் சேவை நின்றபோது வட்டில் இருந்த 42 பாட்டுகளே மிஞ்சின. ஆகவே வாங்க நினைப்பவர்கள், எத்தனை பாட்டுகள் என்று கேட்பதற்கு முன்னர், அவை வட்டில் இருக்கின்றனவா என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.